குடும்பப்பெயர்ப் பதிவுகளைச் செம்மை செய்தல்

மனிதனை மனிதன் இனங்காண்பதற்கு முகம் எவ்வாறு உதவுகிறதோ, அவ்வாறே ஓர் அலுவலகம் மனிதனை இனங்காண்பதற்குப் பெயர் உதவுகிறது. ஆனால் முகம் ஒன்றாயிருக்க, பெயரோ ஏட்டுக்கு ஏடு மாறுகிறது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒருவாறும், வாக்காளர் பட்டியலில் மற்றொருவாறும், நிலப் பதிவேட்டில் வேறொருவாறும் எழுதப்பட்ட ஒரே மனிதரின் பெயரைக் கணிப்பொறி மூன்று மனிதர்களின் பெயராகக் கொள்ளும். இதற்கு மாறாக, ஒரே பெயருடைய இருவரை ஒருவரெனவும் அது கொள்ளக்கூடும். முதல் வகைப் பிழையினால் உரியவருக்குச் சேர வேண்டிய உதவித்தொகை நின்றுபோகிறது. இரண்டாம் வகைப் பிழையினால் உயிரோடிருப்பவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. ஆகவே பெயர்ப் பதிவுகளைச் செம்மை செய்தல் எழுத்தரின் சில்லறை வேலையன்று. அது தனக்கென வரலாறும் விதிகளும் கொண்ட ஒரு விஞ்ஞான முறையாகும். பெயர்ப் பதிவின் பகுதிகளுள் மிகுந்த சிக்கல் விளைவிப்பது குடும்பப்பெயர். அதனைச் செம்மை செய்யும் முறைகளும், அம்முறைகளின் எல்லைகளும் இங்கு விளக்கப்படுகின்றன.

குடும்பப்பெயர் எனும் கட்டம்

இன்று வழங்கும் பெரும்பாலான கணிப்பொறிப் படிவங்கள் ஐரோப்பிய நாடுகளின் வழக்கத்தையொட்டி அமைந்தவை. அவற்றில் முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என மூன்று கட்டங்கள் காணப்படும். இந்தியாவின் பெயரிடு முறைகளோ இம்மூன்று கட்டங்களுக்குள் அடங்குவனவல்ல.

மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் தன் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடும்பப்பெயர் என்னும் வரிசை பெரிதும் வழங்குகிறது. இது படிவத்திற்குப் பொருந்திவரும். தெலுங்கு வழங்கும் பகுதிகளில் 'இண்டிப்பேரு' எனப்படும் வீட்டுப்பெயர் பெயருக்கு முன்னர் நிற்கும். ஆகவே அங்கு இறுதிச் சொல்லைக் குடும்பப்பெயரெனக் கொண்டால் தவறாகும். காசி மக்களிடையே குலப்பெயர் தாய்வழியே வருகிறது. தந்தையின் குடும்பப்பெயரும் பிள்ளையின் குடும்பப்பெயரும் ஒத்திருக்க வேண்டும் என்று சோதிக்கும் ஒரு விதி, அம்மக்களின் பதிவுகள் அனைத்தையும் பிழையெனக் காட்டிவிடும். கோவாவில் போர்ச்சுகீசிய மரபில் வந்த 'டிசூசா' என்னும் பெயர் சேர்த்தும், இடைவெளி விட்டும், மேற்குறி இட்டும் மூவகையாக எழுதப்படுகிறது.

தமிழ்நாட்டில் குடும்பப்பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்தாக நிற்கிறது. இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தில் 'கே' என ஓரெழுத்தை மட்டும் எழுதினால் அது கந்தனையும் குறிக்கலாம். கிருஷ்ணனையும், குமரனையும் குறிக்கலாம். தமிழிலோ க, கி, கு என மூன்றும் வேறுபடும். எனவே தமிழ் எழுத்தில் அமைந்த தலைப்பெழுத்து, ஆங்கிலத் தலைப்பெழுத்தைவிட மிகுதியான செய்தியைத் தாங்கி நிற்கிறது. ஆனால் கந்தனுக்கும் கணேசனுக்கும் தமிழில் ஒரே 'க' நிற்க, ஆங்கிலத்தில் எழுத்து வேறுபடுவதும் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றை இயந்திரம் தானே ஊகித்துக்கொள்ள இயலாது என்பது இதனால் விளங்கும். மேலும், திருமணத்திற்குப் பின் தலைப்பெழுத்தை மாற்றிக்கொள்ளும் பெண்கள் பலர், மாற்றாதவர்களும் பலர். ஒரே பெண்மணி பள்ளிச் சான்றிதழில் ஒரு தலைப்பெழுத்தோடும் குடும்ப அட்டையில் வேறொரு தலைப்பெழுத்தோடும் காணப்படுவதற்குக் காரணம் இதுவே.

வட மாநிலங்களிலும் இறுதிச் சொல் எப்போதும் குடும்பப்பெயராவதில்லை. குமார், தேவி, குமாரி, பாய், பேகம், பானு முதலியவை பெயரின் பிற்பகுதியாகவோ மரியாதைச் சொல்லாகவோ வருவன. சிங், கௌர் ஆகியவை சீக்கியரிடையே சமய வழக்கால் சேர்ந்தவை. குடும்பத்தின் பெயர் அவற்றுக்குப் பின்னர்த் தனியே நிற்றலும் உண்டு. இச்சொற்களைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இட்டால், உறவே இல்லாத லட்சக்கணக்கானோர் ஒரே குடும்பத்தினர்போல் தோன்றுவர்.

பிழைகள் புகும் வழிகள்

பிழைகளை அவை புகும் வழியை நோக்கி நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, செவியாற் புகும் பிழை. கேட்டவர் தமக்குப் பழகிய மொழியின் ஒலிக்கேற்ப எழுதுகிறார். வங்காளத்தில் 'பிஜய்' என ஒலிக்கும் பெயர் பிற இடங்களில் 'விஜய்' ஆகிறது.

இரண்டாவது, லிபி மாற்றத்தாற் புகும் பிழை. இந்திய மொழி ஒன்றில் ஒரே வகையாக எழுதப்படும் பெயர் ஆங்கில எழுத்துக்கு வரும்போது பல வடிவம் பெறுகிறது. வங்காளியில் ஒரே சொல்லாயுள்ள 'ராய்', ஆங்கிலத்தில் 'ராய்' என்றும் 'ரே' என்றும் படிக்கும்படி இரு வகையாக எழுதப்படுகிறது. 'முகர்ஜி' என்பதும் 'முகோபாத்யாய' என்பதும் ஒரே குடும்பப்பெயரின் இரு வடிவங்கள். சட்டர்ஜி, சட்டோபாத்யாய, பானர்ஜி, பந்தோபாத்யாய ஆகியவையும் இத்தகையனவே.

மூன்றாவது, படிவத்தாற் புகும் பிழை. கட்டத்தை வெற்றிடமாக விடுவதற்கு இயந்திரம் இசையாதபோது, எழுதுபவர் ஒரு புள்ளியையோ, சிறு கோட்டையோ, 'இல்லை' என்னும் சொல்லையோ இட்டு மேற்செல்கிறார். சிலர் முதற்பெயரையே மீண்டும் எழுதிவிடுகின்றனர். அமெரிக்க விசாக்களில் ஒற்றைப் பெயருடையவருக்கு, முதற்பெயர் அறியப்படவில்லை என்பதன் மூன்றெழுத்துச் சுருக்கம் முதற்பெயரின் இடத்தில் அச்சிடப்படுகிறது. அச்சுருக்கமே அவருடைய பெயரென எண்ணி, அடுத்துவரும் அலுவலகங்கள் தம் ஏடுகளில் ஏற்றிக்கொள்வதும் உண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பயண அனுமதிச்சீட்டில் ஒற்றைச் சொற்பெயர் மட்டும் உடையவர் சுற்றுலா விசாவில் நுழைவதற்குத் தடை விதித்ததும், அடுத்த பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் ஏற்கப்படும் எனப் பின்னர் விளக்கமளித்ததும், வெறும் கட்டம் ஒன்று மனிதரின் பயணத்தையே நிறுத்தவல்லது என்பதைக் காட்டின.

நான்காவது, கண்ணுக்குப் புலப்படாத பிழை. திரையில் ஒன்றுபோலவே தோன்றும் இரு சொற்கள் கணிப்பொறியின் உள்ளே வெவ்வேறு குறியீடுகளாக இருத்தல் கூடும். 'கோபால்' என்னும் பெயரிலுள்ள ஓகாரக் குறியை ஒருங்குறி முறையில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஏகாரக் குறியும் காலும் என இரண்டாகவும் சேமிக்கலாம். பார்ப்பவருக்கு வேறுபாடு இல்லை. இயந்திரத்திற்கோ அவை இரு பெயர்கள். 'ஸ்ரீ' எழுத்தும் இவ்வாறே இரு வகையிற் சேமிக்கப்படுகிறது. பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளும் வெற்றிடங்களும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

ஒலியைக் கொண்டு பெயரைத் தேடுதல்

எழுத்து மாறினும் ஒலி பெரிதும் மாறுவதில்லை; ஆகவே பெயர்களை எழுத்தின்படி அடுக்காமல் ஒலியின்படி அடுக்கினால் என்ன என்னும் எண்ணம் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தோன்றியது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918ஆம் ஆண்டில் இத்தகைய முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர்ச் செப்பம் செய்யப்பட்ட இம்முறை 'சவுண்டெக்ஸ்' எனப் பெயர் பெற்றது.

அதன் விதிகள் எளியவை. பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சியவற்றுள் உயிரெழுத்துகளை விட்டுவிட வேண்டும். உதடுகளின் உதவியாற் பிறக்கும் 'பி', 'எஃப்', 'வி' முதலிய எழுத்துகளுக்கு 1. 'சி', 'ஜி', 'ஜே', 'கே', 'எஸ்', 'இசட்' முதலியவற்றுக்கு 2. 'டி' வகை எழுத்துகள் இரண்டுக்கும் 3. 'எல்' எழுத்துக்கு 4. 'எம்', 'என்' ஆகியவற்றுக்கு 5. 'ஆர்' எழுத்துக்கு 6 என எண் இட வேண்டும். 'எச்' எழுத்தைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. அடுத்தடுத்து வரும் ஒரே எண் ஒருமுறை மட்டும் எழுதப்படும். மூன்று எண்கள் ஆனதும் நிறுத்திவிட வேண்டும். குறைந்தால் பூஜ்யத்தால் நிரப்ப வேண்டும்.

இம்முறை பெரும் அளவில் பயன்பட்டது 1930களில். 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய பின்னர், முதியோர் தம் வயதை மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. அவர்கள் பிறந்த காலத்தில் பல இடங்களிற் பிறப்புப் பதிவு கிடையாது. ஆகவே 1880ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பு ஏடுகளில், பத்து வயதும் அதற்குக் குறைந்த வயதுமுள்ள குழந்தைகள் இருந்த வீடுகளுக்கெல்லாம் ஒலிக் குறியீட்டின்படி அட்டைகள் தயாரிக்கப்பட்டன. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு கணக்கெடுப்பாளர் தாம் கேட்டபடி எழுதிய பெயரே, ஒரு முதியவரின் ஓய்வூதியத்திற்குச் சான்றாயிற்று.

இந்தியப் பெயர்களில் இம்முறை எவ்வாறு இயங்குகிறது என்று காண்போம். 'முகர்ஜி' என்பதனை ஆங்கிலத்தில் இறுதியில் இரண்டு 'இ' இட்டு எழுதினாலும் ஒரே 'ஐ' இட்டு எழுதினாலும் குறியீடு எம்-262 என்றே வரும். 'போஸ்', 'பாசு' இரண்டும் பி-200 ஆகும். இவை முறையின் வெற்றிகள். ஆனால் 'முகோபாத்யாய' என்பதன் குறியீடு எம்-213. ஒரே குடும்பப்பெயரின் இரு வடிவங்கள் இங்குப் பிரிந்துபோகின்றன. குஜராத்தியரின் 'ஜவேரி' என்னும் பெயரை 'ஜே' இட்டுத் தொடங்கினால் ஜே-160. 'இசட்' இட்டுத் தொடங்கினால் இசட்-160. முதலெழுத்தை மாற்றாது வைக்கும் விதியினால் விளைந்த குறை இது. தமிழின் 'அழகன்' ழகரத்திற்கு 'இசட்-எச்' இட்டு எழுதப்படின் ஏ-225. 'எல்' இட்டு எழுதப்படின் ஏ-425.

பிரிய வேண்டாதன பிரிவது ஒருபுறமிருக்க, சேர வேண்டாதன சேர்வது அதனினும் கேடானது. 'ஆர்' எழுத்துக்குப் பின் 'ஓ-ஒய்', 'ஏ-ஒய்', 'ஏ-ஐ', 'ஏ-ஓ' என வரும் நான்கு பெயர்களையும் எடுத்துக்கொள்வோம். முதலிரண்டும் வங்காளத்தின் ஒரே பெயர். மூன்றாவது நேபாளத்திலும் கங்கைச் சமவெளியிலும் கர்நாடகத்தின் கடற்கரையிலும் வெவ்வேறு மக்களிடையே வழங்கும் பெயர். நான்காவது தென்னாட்டிலும் மராட்டிய நாட்டிலும் வழங்கும் 'ராவ்'. உயிரெழுத்துகளும் 'ஒய்' எழுத்தும் கழிந்தபின் நான்குக்கும் குறியீடு ஆர்-000 என்றே நிற்கிறது. 'சென்', 'சின்ஹா' இரண்டும் எஸ்-500 ஆகின்றன. ஒடிசாவில் வேறு வேறாக எண்ணப்படும் 'தாஸ்', 'தாஷ்' ஆகிய பெயர்கள் டி-200 என்னும் ஒரே குறியீட்டைப் பெறுகின்றன. எனவே ஒலிக் குறியீடு ஒத்திருத்தல், இரு பதிவுகளை அருகருகே வைத்துப் பார்ப்பதற்குக் காரணமாகலாமேயன்றி, அவற்றை ஒன்றாக்குவதற்குக் காரணமாகாது.

1965ஆம் ஆண்டில் சோவியத் அறிஞர் லெவன்ஷ்டைன் மற்றோர் அளவையை வகுத்தார். ஒரு சொல்லை மற்றொரு சொல்லாக மாற்றுவதற்கு எத்தனை எழுத்துகளைச் சேர்க்கவோ, நீக்கவோ, மாற்றவோ வேண்டும் என்று எண்ணுவதே அது. தட்டெழுத்துப் பிழைகளைக் காண்பதற்கு இது சிறந்தது. ஆனால் குறுகிய பெயர்களில் ஓரெழுத்து வேறுபாடே பெரும் வேறுபாடாகும் என்பதற்கு மேற்கண்ட ராய், ராவ் பெயர்களே சான்று.

பதிவுகளை இணைக்கும் கணிதம்

பெயர்ப் பட்டியல் ஒன்றில் பத்தாயிரம் பதிவுகள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட வேண்டுமானால் 4,99,95,000 ஒப்பீடுகள் தேவை. ஒலிக் குறியீட்டைக் கொண்டோ ஊரைக் கொண்டோ அதனைச் சம அளவுள்ள நூறு தொகுதிகளாகப் பிரித்து, தொகுதிக்குள் மட்டும் ஒப்பிட்டால் 4,95,000 ஒப்பீடுகளே போதும். வேலை ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்காகிறது. ஆனால் தொகுதி மாறி விழுந்த பதிவு என்றும் அகப்படாது. ஆகவே அனுபவமுடையோர் ஒருமுறை குடும்பப்பெயராலும், மறுமுறை பிறந்த ஆண்டாலும் எனத் தொகுதிகளை மாற்றி அமைத்து இருமுறை தேடுவர்.

ஒப்பிடும்போது எல்லா ஒற்றுமையும் சம மதிப்புடையதாகுமா? ஆகாது என்பதைத் தெளிவாக நிறுவியவர் கனடா நாட்டின் ஹோவர்ட் நியூகோம். அணுக்கதிர் வீச்சினால் மரபில் விளையக்கூடிய கேடுகளை ஆராய்வதற்கு, ஒரே குடும்பத்தின் பிறப்பு, திருமணப் பதிவுகளை இணைக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் பதிவுகளைக் கணிப்பொறி கொண்டு இணைத்த முறையினை 1959ஆம் ஆண்டில் அவரும் அவருடைய துணைவர்களும் வெளியிட்டனர். அரிய குடும்பப்பெயர் ஒத்திருப்பது வலிய சான்று. பரவலான குடும்பப்பெயர் ஒத்திருப்பது மெலிய சான்று என்பது அவர்கள் கைக்கொண்ட நெறி. பத்துப் பேரில் ஒருவருக்குள்ள பெயர் இரு பதிவுகளில் தற்செயலாக ஒத்துப்போவது எளிது. பதினாயிரத்தில் ஒருவருக்குள்ள பெயர் அவ்வாறு ஒத்துப்போவது அரிது. எனவே 'தேவி' என்னும் ஒற்றுமைக்கும், ஒரு சிற்றூரின் வீட்டுப்பெயர் ஒற்றுமைக்கும் ஒரே மதிப்பெண் இடுதல் தவறாகும்.

இந்நெறிக்கு 1969ஆம் ஆண்டில் பெல்லகி, சண்டர் என்னும் இரு கனடிய அறிஞர்கள் முழுமையான கணித வடிவம் தந்தனர். அவர்கள் முறையில் ஒவ்வோர் இணையும் மூன்று கூடைகளுள் ஒன்றில் இடப்படுகிறது: ஒன்றெனத் துணியத்தக்கவை, வேறெனத் துணியத்தக்கவை, இரண்டுக்கும் இடைப்பட்டவை. இடைப்பட்ட கூடையை மனிதர் கண்ணால் நோக்கி முடிவு செய்ய வேண்டும். கணிப்பொறிகள் பலமடங்கு வளர்ந்துவிட்ட இக்காலத்திலும் இம்மூன்றாவது கூடை மறையவில்லை. அதைத் தீர்ப்பதற்குரிய உள்ளூர் அறிவு, கள ஊழியரிடமும் பள்ளி ஆசிரியரிடமுமே உள்ளது.

நாற்பத்தாறு லட்சம் பெயர்கள்

முன்னேற்பாடின்றிப் பெயர்களைத் திரட்டினால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரும் எடுத்துக்காட்டு உண்டு. 2011ஆம் ஆண்டில் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் விவரங்கள் கையடக்க மின்கருவிகளில் பதிவு செய்யப்பட்டன. சாதிப்பெயருக்கு முன்கூட்டியே வகுக்கப்பட்ட பட்டியல் இல்லை. மக்கள் கூறியது கூறியவாறே பதியப்பட்டது. சிலர் சாதிப்பெயர் கூறினர். சிலர் உட்பிரிவு கூறினர். சிலர் கோத்திரம் கூறினர். சிலர் தம் குடும்பப்பெயரையே கூறினர். முடிவில் 46 லட்சத்திற்கும் மேற்பட்ட வெவ்வேறு பெயர்கள் திரண்டன. 1931ஆம் ஆண்டின் கணக்கெடுப்பிற் காணப்பட்ட சாதிகளின் எண்ணிக்கை 4,147 மட்டுமே என மத்திய அரசு 2021ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மகாராஷ்டிரத்தில் அட்டவணைப்படி 494 என இருந்த எண்ணிக்கை, திரட்டிய பதிவுகளில் 4,28,677 ஆகக் காணப்பட்டது. கேரளத்தின் மலபார்ப் பகுதியில் 'மாப்பிள்ளை' என்னும் ஒரே பெயர் நாற்பது வகையாக எழுதப்பட்டு, நாற்பது சாதிகளாகக் கணக்கிடப்பட்டது.

சாதி விவரங்களில் 8.19 கோடிப் பிழைகள் கண்டறியப்பட்டன என்றும், அவற்றுள் 6.73 கோடி திருத்தப்பட்டன என்றும், சுமார் 1.46 கோடி எஞ்சியிருந்தன என்றும் 2015ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. உழைப்பு குறைந்ததால் வந்த விளைவன்று இது. சாதி, உட்பிரிவு, கோத்திரம், குடும்பப்பெயர் என்னும் நான்கு வேறு செய்திகளை ஒரே கட்டம் ஏற்றுக்கொண்டதே காரணம். அச்செய்திகள் ஒருமுறை கலந்துவிட்டால், பின்னர் எழுத்தை ஒழுங்குசெய்யும் எந்த முறையும் அவற்றைப் பிரித்துத் தர இயலாது. 'சௌத்ரி' என்று மட்டும் எழுதப்பட்டிருப்பதை எந்தக் கணிதம் விளக்கும்? அப்பட்டம் பல மாநிலங்களில், பல சமயத்தாரிடையே, பல சமூகத்தாரிடையே வழங்குகிறது.

அடுத்துவரும் மக்கள் கணக்கெடுப்பிற் சாதி விவரமும் சேர்க்கப்படும் என 2025 ஏப்ரல் 30 அன்று மத்திய அரசு முடிவு செய்தது. பனி படர்ந்த பகுதிகள் நீங்கலாக மற்ற இடங்களுக்கு 2027 மார்ச் 1 ஆதார நாளென 2025 ஜூன் 16 அன்று அறிவிக்கை வெளியாயிற்று. கணக்கெடுப்பாளராகப் பணியாற்றுவோரில் ஆசிரியர்கள் பெருந்தொகையினர் என்பதை நோக்க, முந்திய அனுபவம் அவர்களுக்கு நேரடியான பாடமாகிறது.

ஆராய்ச்சியிற் குடும்பப்பெயர்

குடும்பப்பெயர்ப் பதிவுகள் நிர்வாகத்திற்கு மட்டுமின்றி மரபியல் ஆராய்ச்சிக்கும் பயன்படுகின்றன. சார்லஸ் டார்வினின் மகனாகிய ஜார்ஜ் டார்வின், 1875ஆம் ஆண்டில், ஒரே குடும்பப்பெயருடையோர் திருமணங்களை எண்ணி, இங்கிலாந்தில் நெருங்கிய உறவினர் திருமணங்கள் எவ்வளவு நிகழ்கின்றன என்று மதிப்பிட முயன்றார். 1965ஆம் ஆண்டில் குரோ, மாங்கே என்னும் அமெரிக்க அறிஞர்கள், அத்தகைய திருமணங்களின் விகிதத்தை நான்கால் வகுத்தால் உட்கலப்பு அளவின் மதிப்பீடு கிடைக்கும் எனக் காட்டினர்.

தூய்மையற்ற பதிவு இக்கணக்கை இரு திசையிலும் கெடுக்கிறது. ஒரே குடும்பப்பெயர் ஐந்து வகையாக எழுதப்பட்டிருந்தால் ஒத்த பெயர்த் திருமணங்கள் குறைந்தனபோல் தோன்றும். 'குமார்' போன்ற பொதுச் சொல் குடும்பப்பெயராகப் பதியப்பட்டிருந்தால் அவை மிகுந்தனபோல் தோன்றும். குடும்பப்பெயர் வழக்கமே இல்லாத தமிழ்நாடு போன்ற பகுதியில் இம்முறையைக் கையாள்வது பொருந்தாது என்பதும் இதனாற் பெறப்படும். மக்களின் வழக்கத்தை அறியாமல் கணிதத்தை மட்டும் அறிவது போதாது.

செம்மை செய்யும் படிகள்

பட்டியலைச் செம்மை செய்யப் புகுவோர் கீழ்க்காணும் ஒழுங்கைப் பின்பற்றுதல் நலம்.

1. மூலப் பதிவைத் தொடாதிருத்தல். மக்கள் கூறியபடி எழுதப்பட்ட பெயர் தனிக் கட்டத்தில் என்றும் மாறாமல் இருக்க வேண்டும். திருத்திய வடிவம் வேறொரு கட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

2. எழுத்துக் குறியீட்டை ஒருமைப்படுத்தல். தேவையற்ற வெற்றிடங்களை நீக்கி, ஒருங்குறி வடிவத்தை ஒரே நெறிக்குக் கொண்டுவந்த பின்னரே பெயர்களை ஒப்பிட வேண்டும். இப்படியால் மட்டுமே மறையும் பிழைகள் பல.

3. பெயரல்லாதவற்றைப் பிரித்தல். திரு, திருமதி, டாக்டர், காலஞ்சென்ற முதலிய அடைகளையும், புள்ளி, கோடு முதலிய நிரப்புக்குறிகளையும் விலக்க வேண்டும். குடும்பப்பெயர் இல்லை என்பது வேறு. கேட்டு எழுதவில்லை என்பது வேறு. இவ்விரண்டுக்கும் தனித்தனிக் குறி இடவேண்டும்.

4. வடிவ அட்டவணை தயாரித்தல். ஒரே பெயரின் பல வடிவங்கள் மொழிவாரியாகவும் பகுதிவாரியாகவும் தொகுக்கப்பட வேண்டும். முகர்ஜியும் முகோபாத்யாயவும் ஒன்றெனக் காட்டுவது இந்த அட்டவணையே. ஒலிக் குறியீடு அதனைச் செய்யாது. வங்காளத்திற்குச் செய்த அட்டவணையை ஒடிசாவிற்குக் கையாளலாகாது.

5. பிற விவரங்களோடு ஒப்பிடல். பெயர் மட்டும் ஒத்திருப்பது போதாது. பிறந்த நாள், தந்தை அல்லது தாய் பெயர், ஊர் ஆகியவற்றையும் நோக்கி, மூன்று கூடைகளாகப் பிரிக்க வேண்டும்.

6. இடைப்பட்ட பதிவுகளைக் களத்திற்கு அனுப்புதல். உரியவரைக் கண்டு கேட்டறிதலே இறுதிச் சான்று.

7. மாற்றக் குறிப்பு வைத்தல். எந்தப் பதிவு, யாரால், எந்நாளில், எக்காரணத்தால் மாற்றப்பட்டது என எழுதிவைத்தால், தவறான திருத்தத்தை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

பள்ளி ஆசிரியருக்கு இவற்றோடு ஒரு தனிப்பொறுப்பும் உண்டு. குழந்தையைச் சேர்க்கும் நாளில் அவர் எழுதும் பெயரே பள்ளியிறுதிச் சான்றிதழுக்கும், பின்னர் வேலைக்கும், பயண அனுமதிச்சீட்டிற்கும் செல்கிறது. பிறப்புச் சான்றிதழை நோக்கி எழுதுதல், தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒருங்கே எழுதுதல், தலைப்பெழுத்தின் விரிவைத் தனியே குறித்தல், எழுதியதைப் பெற்றோருக்குப் படித்துக்காட்டல் ஆகிய நான்கும் சில நிமிடங்களில் முடிவன. அச்சில நிமிடங்கள் செலவிடப்படாவிடின், அதே பிழையைத் திருத்துவதற்குக் குடும்பம் ஒன்று அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடும்.

செய்யத்தகாதவை

குடும்பப்பெயரிலிருந்து சாதியையோ சமயத்தையோ ஊகித்து வெற்றுக் கட்டத்தை நிரப்புதல் கூடாது. மஜும்தார், சர்க்கார், படேல், குல்கர்னி, தேசபாண்டே முதலியவை ஒரு காலத்தில் பதவியையோ தொழிலையோ குறித்த பெயர்கள். பதவி பலருக்கு உரியதாயிருந்தமையால் பெயரும் பலருக்கு உரியதாயிற்று. சாதியைக் குறிக்கும் பெயர்ப்பகுதியை வேண்டுமென்றே விட்டொழித்தவர்களும் நாட்டிற் பலர் உளர். அவர்கள் விட்டதை ஒரு பட்டியல் மீண்டும் ஒட்டவைப்பது செம்மையன்று, தீங்கேயாகும்.

அவ்வாறே, ஒருவர் தம் பெயரை எழுதும் வகையை அட்டவணையிலுள்ள 'சரியான' வடிவத்திற்கு மாற்றி அவருடைய அட்டையில் அச்சிடுதலும் கூடாது. ஒருமைப்பட்ட வடிவம் தேடுவதற்கும் எண்ணுவதற்கும் உரியது. அழைப்பதற்கும் அச்சிடுவதற்கும் உரியது அவர் எழுதும் வடிவமே. 2023ஆம் ஆண்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய விவரங்களைத் திருத்தக் கோரும் உரிமையைத் தனிமனிதருக்கு வழங்கியுள்ளது. பெயரின் உரிமையாளர் பெயருக்குரியவரே என்னும் பழைய உண்மையை அச்சட்டம் புதிய மொழியிற் கூறுகிறது.

1946ஆம் ஆண்டில் ஹால்பர்ட் டன் என்னும் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர், ஒவ்வொரு மனிதனும் பிறப்பில் தொடங்கி இறப்பில் முடியும் ஒரு வாழ்க்கை நூலை இயற்றுகிறான் என்றும், அதன் ஏடுகள் பல அலுவலகங்களிற் சிதறிக் கிடக்கின்றன என்றும், அவற்றைச் சேர்த்துக் கட்டுவதே பதிவு இணைப்பு என்றும் விளக்கினார். அந்நூலின் ஒவ்வோர் ஏட்டையும் ஒன்றோடொன்று பிணைக்கும் நூலிழை பெயராகும். ஏடுகளை இணைக்கும் இயந்திரங்கள் எத்துணை விரைவு பெற்றாலும், அவ்விழை அறாமலிருப்பது, முதன்முதலில் பெயரைக் கேட்டு எழுதுபவரின் கவனத்தையே பொறுத்தது.